‘ஓ’ வகை ரத்தமும் ஒரு குடம் தண்ணீரும்

சென்னையை ஒட்டிய மாங்காட்டில் இரவெல்லாம் மழை. விடிந்தபோது காமாட்சியம்மன் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. பேன்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்ட அப்பாக்கள், செருப்பைக் கையில் பிடித்த அம்மாக்கள், ஸ்கூல் வேனுக்காக வாசற்படியில் ஏறி நிற்கும் பிள்ளைகள். ஒரு வீட்டின் முன்னால் சம்ப்பு மூடி. அது நகர்ந்துவிடாமல் இருக்க மேலே இரண்டு செங்கல். தெருத்தண்ணீர் அந்த மூடியின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. நாலடி தள்ளி இன்னொரு மூடி தெரிந்தது. அது செப்டிக் டேங்க்.

படியில் நின்ற சிறுமியின் கழுத்தில் பள்ளி அடையாள அட்டை தொங்கியது. பெயர், வகுப்பு, அப்பாவின் செல்போன் எண். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘ஓ பாசிட்டிவ்’.

“ஏன் சார், ஓ குரூப்புக்குத்தான் வாந்திபேதி சீக்கிரம் ஒட்டிக்குமாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு. எங்க வீட்ல ரெண்டு பேர் ஓ பாசிட்டிவ்” என்றார் அந்தச் சிறுமியின் அம்மா. மழை தொடங்கியதிலிருந்து இந்தத் தெருவில் பலருடைய போனிலும் அந்தக் குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. சொன்னவர் யார் என்று எவருக்கும் தெரியாது. கேட்டவர்கள் எல்லோரும் வீட்டிலுள்ளவர்களின் ரத்த வகையை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. அது நாற்பதாண்டுக்கு மேலாக மருத்துவ உலகம் சோதித்துவரும் உண்மை. அதன் ஒரு அத்தியாயம் நம் சென்னையிலேயே தொடங்கியது. ஆனால் மீதிப் பாதியைச் சேர்த்துப் படிக்காவிட்டால் அந்த அம்மாவின் கவலை வேண்டாத இடத்தில் போய் நின்றுவிடும். அவர் கவலைப்பட வேண்டியது மகளின் அட்டையைப் பார்த்து அல்ல, வாசலில் இருக்கும் அந்த இரண்டு மூடிகளைப் பார்த்து.

பேதியில் போன காலம்

கோபம் தலைக்கேறினால் நம் ஊர்ப் பாட்டிமார்கள் சொல்லும் வசவு ஒன்று உண்டு: “பேதியில போறவனே!” இன்றைய பிள்ளைகளுக்கு அது வெறும் சத்தம். சொன்ன தலைமுறைக்கு அது கண்ணால் கண்ட சாவு. காலையில் ஏர் பூட்டப் போனவர் பொழுது சாய்வதற்குள் பாடையில் போனார். கண்கள் குழிவிழுந்து, கைவிரல் தோல் சுருங்கி, கெண்டைக்கால் சதை பிடித்திழுக்க, உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் கழுநீர்போல வெளியேறிவிடும். அரிசி களைந்த தண்ணீரின் நிறம்தான் காலராவின் அடையாளம் என்று மருத்துவப் புத்தகங்களும் சொல்கின்றன.

இதற்குக் காரணமான விப்ரியோ காலரே கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் உறுதிசெய்தார். அங்கிருந்த குளத்து நீரிலும் அதைக் கண்டார். கிருமி ஏதோ ஒரு நஞ்சைக் கக்குகிறது என்றும் ஊகித்தார். அந்த நஞ்சு ஆராய்ச்சியாளர்களின் கையில் அகப்பட மேலும் 75 ஆண்டுகள் ஆயின. எல்லோரும் அதை ரத்தத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். கல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே குடலில் தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, கிருமி நீக்கி வடிகட்டிய திரவத்தை அதற்குள் செலுத்தினார். கிருமியே இல்லாத திரவம், ஆனாலும் குடல் நீர் கோத்து வீங்கியது. 1959-ல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. அதே காலத்தில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் குட்டி முயல்களை வைத்து இதே முடிவை நோக்கி வந்திருந்தார். டே 1985-ல் மறைந்தார். வாழ்நாளில் நம் நாட்டின் பெரிய விருதுகள் அவரைத் தேடி வரவில்லை. காலரா நஞ்சைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது.

குடலில் ஒரு சர்க்கரைப் பூட்டு

ரத்த வகை ரத்தத்தில்தானே இருக்கிறது, குடலில் சுரக்கும் நஞ்சுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? நியாயமான கேள்வி.

ஏ, பி, ஓ என்பவை உண்மையில் சர்க்கரைத் துணுக்குகளின் பெயர்கள். சிவப்பணுவின் மேல் அவை மயிரிழைகள்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ எல்லோருக்கும் பொதுவாக ‘எச்’ என்ற அடித்தளம் ஒன்று உண்டு. அதன் நுனியில் ஒருவகைச் சர்க்கரை ஏறினால் ஏ வகை, வேறொன்று ஏறினால் பி வகை, இரண்டும் ஏறினால் ஏபி. எதுவும் ஏறாமல் ‘எச்’ மொட்டையாக நின்றால் அதுதான் ஓ. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-ல் மனிதர்களை இப்படிப் பிரித்துக் காட்டியபோது ரத்தம் ஏற்றுவதற்கான வழி திறந்தது. ஆனால் இந்தச் சர்க்கரைகள் சிவப்பணுவில் மட்டும் இருப்பவை அல்ல. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அவை எச்சிலிலும் குடலின் உட்சுவரிலும் அதன் மேல் படர்ந்த கோழையிலும் இருக்கின்றன. அட்டையில் எழுதியிருக்கும் அந்த ஓர் எழுத்து வயிற்றுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் குறிக்கு இங்கே வேலை இல்லை. அது வேறொரு புரதத்தின் பெயர், குடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காலரா நஞ்சு ஆறு துண்டுகள் சேர்ந்த ஒரு மூலக்கூறு. ஐந்து துண்டுகள் வளையமாக நின்று குடல் அணுவின் மேலுள்ள ஜிஎம்1 என்ற கொக்கியைப் பற்றிக்கொள்ளும். ஆறாவது உள்ளே நுழையும். நுழைந்ததும் அணுவுக்குள் இருக்கும் ஒரு சுவிட்சைப் போட்டு, மீண்டும் அணைக்க முடியாதபடி செய்துவிடும். அணு தன்னிடமுள்ள உப்பைக் குடலுக்குள் கொட்டத் தொடங்கும். உப்புப் போகும் இடமெல்லாம் தண்ணீரும் பின்னாலேயே போகும். கடுமையான நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை போகலாம். ஒரு வளர்ந்த மனிதரின் உடம்பு இதை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வளையத்தின் விலாப்பக்கத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ரத்த வகைச் சர்க்கரைகள் வந்து பொருந்துவது அங்கேதான். 2016-ல் நார்வே ஆய்வாளர்கள் இதன் படிக அமைப்பை நுணுக்கமாகப் படம் பிடித்தார்கள். ஓ வகையின் மொட்டை ‘எச்’ ஒரு விதமாகவும், நுனியில் சர்க்கரை ஏறிய ஏ வகை வேறு விதமாகவும் அந்தப் பள்ளத்தில் அமர்வது தெரிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதக் குடல் அணுக்களைத் தட்டில் வளர்த்து நஞ்சை ஊற்றிப் பார்த்தார்கள். அந்த ‘அணையாத சுவிட்ச்’ ஏ வகை அணுக்களைவிட ஓ வகை அணுக்களில் ஏறத்தாழ இருமடங்கு வலுவாக வேலை செய்தது.

நஞ்சு ஒன்றுதான். ஒரு வீட்டுக் கதவை அது தட்டித் திறக்கிறது. இன்னொரு வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருக்கிறது.

1992: மெட்ராஸில் முளைத்த கிருமி

இந்தக் கதையில் நம் ஊரின் பங்கு இங்கே வருகிறது.

கொள்ளைநோயாகப் பரவும் காலரா, கிருமியின் ‘ஓ1’ என்ற பிரிவால் மட்டுமே வரும் என்று அதுவரை உலகம் நம்பியிருந்தது. 1992 அக்டோபரில் மெட்ராஸில் காலராபோலவே தோன்றிய வாந்திபேதி பரவியது. ஆனால் ஓ1-க்கான சோதனையில் கிருமி சிக்கவில்லை. மதுரையிலும் வேலூரிலும் அதே கதை. ஆண்டு முடிவதற்குள் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போய்விட்டது. கல்கத்தாவின் தேசிய காலரா, குடல்நோய் ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்து, இது இதுவரை அறிந்த 138 பிரிவுகளில் எதுவுமில்லை என்று கண்டார்கள். புதிய கிருமிக்கு ஓ139 என்று எண் விழுந்தது. வங்காள விரிகுடாக் கரையில் தோன்றியதால் ‘பெங்கால்’ என்று பெயரும் சேர்ந்தது. பழைய காலராவுக்கு எதிர்ப்பு வளர்ந்திருந்த பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை, ஏனென்றால் மேலுறை புதிது. உள்ளே கக்கிய நஞ்சு மட்டும் பழையதேதான்.

--- பெட்டிச் செய்தி ---
இரண்டு ‘ஓ’-க்கள்
கிருமியின் பெயரில் வரும் ஓ1, ஓ139 வேறு. உங்கள் ரத்த வகையான ஓ வேறு. முன்னது கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு வேதிப்பொருளைக் குறிக்கும் எழுத்து. இரண்டையும் சேர்த்துக் குழப்பி, ‘ஓ வகைக்காரர்களுக்கென்றே வரும் காலரா’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.
---

டாக்காவில் இந்தப் புதிய காலரா நோயாளிகளின் ரத்த வகையைச் சோதித்துப் பார்த்து 1994-ல் ஒரு சிறு கட்டுரை வெளியானது. ஓ வகையினருக்கும் ஓ139 பேதிக்கும் தொடர்பு இருப்பதை அது சொன்னது. ஓ1 காலராவில் இதே தொடர்பு ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1970-களின் கடைசியில் கல்கத்தாவிலிருந்து முதல் குறிப்புகள் வந்தன. ரோஜர் கிளாஸும் குழுவினரும் வங்கதேசத்தில் திரட்டிய ஆதாரம் 1985-ல் வந்தது. மெட்ராஸில் முளைத்த கிருமியும் அதே வழியில்தான் நடந்தது.

அந்த 1994-ம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் திலீப் மகலநபிஸ். 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை ஊரான போன்காவின் அகதி முகாமில் காலரா வெறியாடியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில்கள் இல்லை. மகலநபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலமாக்கி, டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. நாம் இன்று ஓ.ஆர்.எஸ். என்று சொல்லும் கரைசலை உலகம் நம்பியதற்கு அந்த முகாமும் ஒரு காரணம். 2022 அக்டோபரில் அவர் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அவருக்குப் பின் வந்தது.

ஓ வகைக்கும் காலராவுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதிய அதே கை, எந்த வகை ரத்தமானாலும் பிழைக்கவைக்கும் தண்ணீரையும் கலக்கிக் கொடுத்தது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்காமல் வாட்ஸ்அப் குரலை மட்டும் கேட்பது, மருந்துச் சீட்டின் பாதியைக் கிழித்துவிட்டு வாசிப்பதற்குச் சமம்.

வருவது வேறு, வாட்டுவது வேறு

ஆய்வுகளில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது 2005-ல் வங்கதேசத்திலிருந்து வந்த ஒன்று. காலரா நோயாளிகளின் வீட்டில் உடன் வசித்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓ வகையினரை ஓ1 கிருமி தொற்றுவது மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் தொற்றியபின் நோய் முற்றுவது அவர்களுக்கு அதிகமாக இருந்தது. ‘ஓ குரூப்புக்குச் சீக்கிரம் ஒட்டும்’ என்ற வதந்தி இந்த இடத்தில் தவறிப்போகிறது. ஒட்டுவதில் ஓ வகை முன்னிலையில் இல்லை. ஒட்டியபின் உடம்பு வற்றும் வேகத்தில்தான் வேறுபாடு.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் இது பெரிய அளவில் தெரிந்தது. அந்தக் கண்டத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் காலரா வந்ததில்லை. 1991 ஜனவரியில் வந்தது. அந்த ஆண்டில் பெருவில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். அங்கே பழங்குடி வழிவந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் ஓ வகை. ட்ரூஹியோ என்ற நகரில் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஸ்வெர்ட்லோவின் குழு வீடு வீடாக ஆராய்ந்தது. தொற்று கண்டவர்களில் ஓ வகையினருக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்டது மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு அதிகம்.

எட்டு மடங்கு என்றதும் நெஞ்சு திக்கென்கிறது. அதே குழு அதே நகரில் குடிநீரையும் ஆராய்ந்தது. ஊருக்கு வந்த தண்ணீரில் குளோரின் கலக்கவில்லை. கிணற்றிலிருந்து எடுத்தபோது ஓரளவு சுத்தமாக இருந்த நீர், ஓட்டைக் குழாய்களின் வழியே வீடு வந்து சேரச் சேர அசுத்தமாகிக்கொண்டே போனது. நகரத்து ஆள்களின் ரத்த வகை நூற்றாண்டுகளாக அதுவேதான். அந்த ஆண்டு புதிதாக வந்தது குழாய் வழியே வந்த கிருமி.

ஏ வகைக்கும் உண்டு ஒரு நஞ்சு

ஓ அல்லாதவர்கள் நிம்மதியாகப் படுக்கலாமா? முடியாது.

நம் பிள்ளைகளுக்கு வரும் பேதிகளில் காலராவைவிட வெகு சாதாரணமானது ஈ.கோலை கிருமியின் ஒரு வகை கொண்டுவரும் பேதி. அது கக்கும் நஞ்சு காலரா நஞ்சின் ஒன்றுவிட்ட தம்பிபோல. அமைப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஒற்றுமை. இந்தக் கிருமி குடலில் ஒட்டிக்கொள்ள ஒரு பசைப் புரதத்தைச் சுரக்கிறது. 2018-ல் அதே செயின்ட் லூயி குழுவினர், அந்தப் பசை ஏ வகைச் சர்க்கரையை இறுகப் பற்றுவதைக் கண்டார்கள். விருப்பத்தோடு முன்வந்த 106 பேருக்கு அமெரிக்காவில் இந்தக் கிருமியைக் கொடுத்துக் கவனித்த ஆய்வின் விவரங்களைப் புரட்டிப் பார்த்தபோது, ஏ வகையினரில் 81 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பேதி ஏற்பட்டிருந்தது. ஓ, பி வகைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மட்டும்.

அல்சரை எடுத்துக்கொண்டாலும் இப்படித்தான். முன்சிறுகுடல் புண் ஓ வகையினருக்கு அதிகம் என்றும், இரைப்பைப் புற்றுநோய் ஏ வகையினருக்குச் சற்று அதிகம் என்றும் 1950-களிலேயே இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மலேரியாவில் கதை தலைகீழ். கடுமையான மலேரியா ஓ வகையினரைக் குறைவாகக் கொல்கிறது, அவர்களது சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று திரண்டு நாளங்களை அடைப்பது குறைவு என்பதால். கங்கைக் கழிமுகத்தில், காலராவின் தாய்வீட்டில், ஓ வகை குறைவாகவும் பி வகை மிகுதியாகவும் இருப்பதைக் கிளாஸ் குழுவினர் சுட்டிக்காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் காலரா கழித்துப்போட்டதன் மிச்சமோ என்பது அவர்களது ஊகம். நிரூபிக்க வழியில்லாத ஊகம்தான், ஆனால் ஒரு கிருமி மக்கள் கூட்டத்தின் ரத்தத்தையே சலித்திருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னை வெகுநேரம் உட்காரவைத்தது.

மாங்காட்டுக்கு இது என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஓ வகைதான் அதிகம். ஏறத்தாழ பத்தில் நான்கு பேர். அடுத்தது பி. அப்படியென்றால் மாங்காட்டில் எந்தத் தெருவை எடுத்தாலும், பெரும்பாலான வீடுகளில் ஒருவராவது ஓ வகையாக இருப்பார். அவர்களைத் தனியே பிரித்து என்ன செய்ய முடியும்? தனித் தண்ணீர் கொடுக்க முடியுமா? ஒரே சம்ப்பிலிருந்து மேலேறும் தண்ணீரைத்தான் ஓவும் குடிக்கிறது, ஏவும் குடிக்கிறது.

அந்தச் சம்ப்புக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். குழாயில் தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை, முறைவைத்து விடுகிறார்கள். விடாத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கிறது. காலிக் குழாய் உறிஞ்சும். மண்ணுக்கடியில் குழாயை ஒட்டிச் சாக்கடையோ செப்டிக் டேங்க் கசிவோ இருந்தால், வெடிப்பு வழியே அது உள்ளே இழுக்கப்படும். தண்ணீர் வரும் நேரத்தில் குழாயில் நேராக மோட்டார் வைத்து இழுத்தால் அந்த உறிஞ்சல் இன்னும் பலமாகும். பக்கத்து வீட்டுக்கு வர வேண்டிய தண்ணீரை எடுப்பது ஒரு தவறு. தெருச் சாக்கடையைத் தெருவுக்கே குடிக்கக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. இதைச் செய்பவர்களில் பலருக்கு இந்த இரண்டாவது தெரியாது.

ஏரிகளும் தாங்கல்களும் வயல்களும் இருந்த தாழ்வான பகுதி இது. செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரம். மழைநீர் போக வழியில்லாத மனைப்பிரிவுகளில் வீட்டுக்கொரு போர்வெல், வீட்டுக்கொரு செப்டிக் டேங்க். அரை கிரவுண்டு மனையில் இரண்டுக்கும் இடையே எத்தனை அடி விட முடியும்? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும்போது இரண்டும் ஒரே தண்ணீராகிவிடும் ஆபத்து இருக்கிறது. பேரூராட்சி நகராட்சியாகிவிட்டது, அடுக்குமாடிகள் வந்துவிட்டன, பூமிக்கு அடியில் இருக்க வேண்டியவை அந்த வேகத்தில் வரவில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார நெருக்கடி நிலை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளை 3 நாள் மூடினார்கள். பக்கத்துத் தமிழக மாவட்டங்கள் விழித்துக்கொண்டன. 2024 டிசம்பரில் பல்லாவரத்தில் வாந்திபேதியால் பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்றார்கள் மக்கள். உணவும் காரணமாக இருக்கலாம் என்றது அரசுத் தரப்பு. இரண்டு ஊரிலும் மக்கள் முதலில் பார்த்தது குழாயைத்தான்.

நோய் வருவதையும் முற்றுவதையும் முடிவுசெய்வதில் ரத்த வகையைவிட அதிகச் செல்வாக்குள்ளவை வேறு. எத்தனை கிருமிகள் உள்ளே போயின என்பது முதலாவது. உடம்புக்கு அந்தக் கிருமி முன்பே பழக்கமா என்பது இன்னொன்று. வயிற்று அமிலம் மூன்றாவது, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலராக் கிருமிக்கு அமிலம் ஆகாது. நல்ல அமிலம் சுரக்கும் வயிற்றில் கோடிக்கணக்கான கிருமிகள் போனால்தான் நோய் உண்டாகும். அமிலம் குறைந்த வயிற்றில் அதில் சிறு பங்கே போதும். ‘கேஸ்’ தொல்லைக்கு என்று மருத்துவரைக் கேட்காமலேயே ஆண்டுக்கணக்கில் காலையில் வெறும்வயிற்றில் அமிலக் குறைப்பு மாத்திரை போடுகிறவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்? அவர்கள் ஓ வகையாகவும் இருந்தால், மழைக்காலத்தில் கொதிக்கவைக்காத தண்ணீரைத் தொடவே கூடாது.

மாங்காட்டுக் கோயிலுக்கு ஆறு வாரம் தொடர்ந்து வந்து எலுமிச்சம்பழத்தோடு வேண்டிக்கொள்கிறவர்கள் ஆயிரம் ஆயிரம். அந்தப் பழத்தை வீட்டில் பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டுக் குடிப்பது நல்ல பழக்கம். தண்ணீரை முதலில் காய்ச்சி ஆறவைத்துவிட்டுப் பிழியுங்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

--- பெட்டிச் செய்தி ---
பேதி தொடங்கிய முதல் மணி நேரம்
ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, உறையில் சொன்ன அளவு (பெரிய பொட்டலத்துக்கு 1 லிட்டர்) காய்ச்சி ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், பாதித் தம்ளர் என்று பிரிக்கக் கூடாது.
பொட்டலம் கிடைக்கும்வரை: 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து.
வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மீண்டும் கொடுக்கவும்.
கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையை அவர் சொன்ன நாள்கள் முழுவதும் கொடுக்க வேண்டும்.
பேதியை உடனே நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுக்க வேண்டாம்.
கண் குழிவிழுதல், சிறுநீர் வராமை, கிள்ளிவிட்ட தோல் மெதுவாகத் திரும்புதல், மயக்கம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்.
---

ஓ வகையினருக்கு மட்டும் ஒரு வார்த்தை

வீட்டில் யாருக்காவது கழுநீர்போலப் பேதி போனால், அவர் ஓ வகை என்றால், ‘சாயந்திரம் வரை பார்ப்போம்’ என்று காத்திருக்காதீர்கள். இவ்வளவு ஆராய்ச்சியிலிருந்தும் ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ரத்த வகையைச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் எவருக்கும் கொடுக்கும் சிகிச்சை ஒன்றே: இழந்த நீரையும் உப்பையும் இழந்த வேகத்தில் திருப்பித் தருவது. அதைச் சரியாகச் செய்தால் காலராவில் இறப்பவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஓவாக இருந்தாலும் சரி, ஏவாக இருந்தாலும் சரி.

இந்த ஆராய்ச்சியைச் சாக்காக வைத்து ‘உங்கள் ரத்த வகைக்கேற்ற உணவு’ என்று பட்டியல் விற்பவர்கள் உண்டு. 1996-ல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் கிளப்பிய பழக்கம் அது. 2013-ல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசியவர்கள் அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு ஏமாற்றம் கடை அலமாரியில் இருந்தது. சர்க்கரை மிகுந்த பழச்சுவை பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு விற்றுவந்தன. அவற்றைக் குடித்தால் பேதி குறைவதற்குப் பதில் கூடலாம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அந்தப் பெயரை இப்படிப்பட்ட பானங்களில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. வாங்கும்போது உறையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுமுறை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த அம்மாவிடம் அன்று வேன் வருவதற்குள் இவ்வளவும் சொல்ல முடியவில்லை. மூன்றை மட்டும் சொன்னேன். சம்ப்பு மூடியைத் தெரு மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டச் சொன்னேன். தெருக் குழாயின் கடைசி வீட்டில் தண்ணீர் பிடித்து, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்கிறதா என்று சோதித்துக் காட்டும்படி நகராட்சி ஆள்களிடம் கேட்கச் சொன்னேன். அது நிர்ணயித்த அளவு, கேட்பது உங்கள் உரிமை. மழை விடும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னேன்.

நான்காவதை வாசகர்களான உங்களிடம் சொல்கிறேன். அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். இந்த வாரம் அந்தப் பக்கம் போகும்போது இரண்டு கேட்டு வாங்கி, சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள்.